ஊழியமும் அடிமையும்: நைல் நதிக்கரையிலும் யாழ்ப்பாணத்திலும்

பண்டைய எகிப்தியரின் சமூக வகுப்புகளைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு முக்கோண வடிவிலே வரைந்து காட்டுகின்றன. உச்சியிலே பரோ மன்னன், அவனுக்குக் கீழே பூசகரும் பிரபுக்களும், அவர்க்குக் கீழே இலிகிதர், போர்வீரர், கைவினைஞர், உழவர், அடித்தட்டிலே அடிமைகள். மாணவர் இதனைப் பார்த்து வரைந்து, பெயர்களைப் பொறித்து, மனனஞ் செய்து பரீட்சைக்குச் செல்கின்றனர். அப்படம் பொய்யன்று. ஆயினும், யார் மேலே, யார் கீழே என்பதைக் காட்டும் அம்முக்கோணம், மேலாரை மேலேயும் கீழாரைக் கீழேயும் நிறுத்தி வைத்தது யாது என்பதைக் காட்டுவதில்லை. அதனை அறிய வேண்டின், வேறொரு வினாவை எழுப்புதல் வேண்டும். அழைத்தபோது கூலியின்றி வந்து உடலுழைப்பைத் தரவேண்டியவர் யார்? வரமாட்டேன் என்று சொல்லத்தக்கவர் யார்?

இவ்வினாவுக்கு ஏற்ற சொல் நம்மிடமே இருக்கின்றது. ஊழியம் என்பது அச்சொல். யாழ்ப்பாண இராச்சியத்திலும், அதன்பின் வந்த போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் ஆட்சிகளிலும், அரசுக்குக் கட்டாயமாகச் செய்யவேண்டிய உடலுழைப்பு இப்பெயரால் வழங்கிற்று. எகிப்தின் வகுப்புகளை இச்சொல்லைக் கொண்டு நோக்கினால் அவை தெளிவாகின்றன. எகிப்தைப் பார்த்த கண்ணோடு நம் நாட்டைத் திரும்பிப் பார்த்தால், நாம் பேசத் தயங்கும் சில செய்திகளும் தெளிவாகின்றன. இக்கட்டுரையின் முதன்மையான நோக்கம் பின்னையதே. எகிப்து அதற்கொரு விளக்காக மட்டுமே ஈண்டுக் கொள்ளப்படுகின்றது.

பிரமிட்டுகளைக் கட்டியவர் அடிமைகள் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1990ஆம் ஆண்டிலே கீசாவில் அவற்றைக் கட்டிய தொழிலாளரின் கல்லறைகள் வெளிப்பட்டன. அரசனின் பிரமிட்டுக்கு அண்மையிலே அவர்கள் மதிப்போடு அடக்கஞ் செய்யப்பட்டிருந்தனர். அவர்தம் எலும்புகள் கடுமையான வேலையின் தேய்வைக் காட்டின. முறிந்து, சிகிச்சை பெற்று, நேராகப் பொருந்திய எலும்புகளும் அவற்றுள் இருந்தன. 2013இலே செங்கடற் கரையிலுள்ள வாடி அல்-யார்வ் என்னுமிடத்திலே கூபு மன்னன் காலத்துப் பப்பைரசுச் சுவடிகள் கிடைத்தன. மெரெர் என்னும் மேற்பார்வையாளன் ஏறத்தாழ நாற்பது பேர் கொண்ட குழுவோடு தூரா கற்சுரங்கத்திலிருந்து சுண்ணக்கற்களைப் படகிலேற்றிக் கீசாவிற் சேர்த்த நாட்குறிப்பு அவற்றுள் ஒன்று. அவர்கள் விலைக்கு வாங்கப்பட்டவர்களல்லர். அரசு அழைத்தது, அவர்கள் சென்றனர், தானியமும் பானமும் பெற்றனர். இஃது ஊழியம்.

இவ்வூழியத்தினின்று ஓடியவர்களும் இருந்தனர். மத்திய அரசுக் காலத்துச் சுவடியொன்று இன்று நியூயோர்க்கு நகரத்து அருங்காட்சியகமொன்றிலே இருக்கின்றது. அதன் ஒரு பக்கத்திலே கடமை வேலையை விட்டு ஓடியோரின் பட்டியல் காணப்படுகின்றது. மறுபக்கத்திலே, ஒரு வீட்டுக்குரிய பணியாளர் 95 பேரின் பெயர்கள். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆசியப் பெயருடைய அந்நியர். ஓடிய ஊழியனும் உடைமையான அடிமையும் ஒரே சுவடியின் இரு பக்கங்களிலே எழுதப்பட்டிருத்தல் கவனிக்கத்தக்கது. இருவரும் ஒருவரல்லர். ஆயினும் இருவர் பெயரையும் எழுதி வைத்த கை ஒன்றே.

அக்கைக்குரியவன் இலிகிதன். எழுதத் தெரிந்தவனுக்கு ஊழியத்தினின்று விடுதலை உண்டு. அதனாலேயே, குயவனும் சலவைத் தொழிலாளியும் உழவனும் படும் பாட்டை எள்ளி நகையாடி, இலிகிதத் தொழிலே உயர்ந்ததென மைந்தனுக்குப் போதிக்கும் நூலொன்று எகிப்தியப் பாடசாலைகளிலே பல நூற்றாண்டுகளாகப் பார்த்தெழுதப்பட்டது. கோயில்களும் இவ்விலக்கைப் பெற முயன்றன. முதலாஞ் சேத்தி மன்னன் நௌரி என்னுமிடத்திலே பொறித்த ஆணை, அபைதொசு நகரில் அவன் கட்டிய கோயிலுக்குரிய ஆட்களைப் பிறர் தம் வேலைக்குப் பிடித்துச் செல்லலாகாதெனத் தடுத்தது. மீறிய அதிகாரிகள் சிலர்க்கு மூக்கும் செவியும் அரியப்படும் என்றும் அது கூறுகின்றது. கோயிலாட்களைப் பிடித்துச் செல்லும் வழக்கம் பரவியிராவிடின் இத்துணைக் கொடிய தண்டம் வேண்டியிராது.

மறுமையிலும் ஊழியம் உண்டென்று எகிப்தியர் நம்பினர். இறந்தவரை ஆங்கு வயல்வேலைக்கு அழைப்பராம். அவருக்குப் பதிலாக எழுந்து நான் இருக்கின்றேன் என்று சொல்லுவதற்காக, உசாப்தி எனப்படும் சிறு பாவைகளைக் கல்லறையுள் வைத்தனர். பிற்காலத்திலே முழுத் தொகுதி 401 பாவைகளைக் கொண்டதாயிற்று: நாளுக்கு ஒன்றாக 365 வேலையாட்கள், பதின்மருக்கு ஒருவராக 36 கங்காணிகள். கங்காணிப் பாவையின் கையிலே சாட்டையும் இருக்கும். மேலுலகக் கற்பனையிற்கூடக் கங்காணியை விட்டுவிட முடியாத ஒரு சமூகத்தின் அமைப்பை இதனினும் தெளிவாக எந்த முக்கோணமும் காட்டமாட்டாது.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலே எகிப்துக்குச் சென்ற கிரேக்கராகிய எரோதோத்தசு, அந்நாட்டு மக்களை ஏழு வகுப்பினராகப் பிரித்தார்: பூசகர், போர்வீரர், ஆயர், பன்றி மேய்ப்போர், வணிகர், மொழிபெயர்ப்போர், மீகாமர். பன்றி மேய்ப்போரைக் குறித்து அவர் எழுதியது தமிழ் வாசகர்க்குப் புதுமையாகத் தோன்றாது. எகிப்தியருள் அவர்கள் மட்டும் எந்தக் கோயிலுள்ளும் புகலாகாது. பிறர் அவர்க்குப் பெண் கொடுப்பதுமில்லை, அவரிடத்துப் பெண் கொள்வதுமில்லை. அவர்கள் தம்முள்ளேயே மணந்து கொள்வர். இஃது ஓர் யாத்திரிகர் கேட்டெழுதிய செய்தி. அமர்னா நகரிலே, அவருக்கு ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டு முற்பட்ட தொழிலாளர் குடியிருப்பிலே பன்றிப் பட்டிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளமையால், எக்காலத்தும் எல்லோரும் பன்றியை ஒதுக்கினர் என்று கொள்ளுதலும் இயலாது. எகிப்திலே இவ்விலக்கு ஒரு சிறு தொகுதியினர் பற்றிய குறிப்பாக நிற்கின்றது. நம் நாட்டிலோ அதுவே சமூகத்தின் கட்டுமானமாயிற்று.

இனி நம் நாட்டை நோக்குவாம்.

யாழ்ப்பாணத்துப் பழைய சமூகத்திலே உழைப்புக் கடமை மூன்று வகையாக நின்றது. ஒன்று, மேலே கூறிய ஊழியம். குறிக்கப்பட்ட சில சாதியார் மாதமொரு நாளாக ஆண்டிற் பன்னிரண்டு நாள் அரசுக்கு வேலை செய்தல் வேண்டும். வராதவர் தண்டம் இறுத்தல் வேண்டும். போர்த்துக்கேயர் 1619இலும் ஒல்லாந்தர் 1658இலும் நாட்டைக் கைப்பற்றியபோது இதனை ஒழித்தாரல்லர். கோட்டை, தெரு, சுமை முதலிய தம் வேலைகளுக்கு வாய்ப்பாக வைத்துக் கொண்டனர். யார் எந்நிலத்துக்கு உரியவர், யார் என்ன கடமைக்கு உரியவர் என்பன தோம்புகளிலே எழுதப்பட்டன. ஐந்தாம் இராமசேசு காலத்திலே பத்து மீற்றருக்கு மேல் நீண்ட சுவடியில் வயல்களையும் வைத்திருப்போரையும் எழுதிய எகிப்திய இலிகிதன், நம் தோம்பு முதலியாரைக் கண்டிருந்தால் இனத்தானென்றே கொண்டிருப்பான்.

வன்னியிலே ஊழியத்தின் வடிவம் சிறிது வேறுபட்டது. ஆங்கு நிலம் பரந்தது, மக்கள் தொகை சிறிது. வன்னிமைகளிடம் அந்நியர் வேண்டிய திறை யானை. வங்காளம், கோல்கொண்டா முதலிய இடத்து வணிகர் யாழ்ப்பாணத்திலே ஒல்லாந்தரிடம் வாங்கிச் சென்ற யானைகளுள் பல நம் காடுகளினின்று சென்றவை. திறை கொடுத்தவர் வன்னியர் என்று வரலாறு எழுதுகின்றது. காட்டை வளைத்து யானையைப் பிடித்தவர்கள் அவர்தம் குடிமக்கள். வன்னியர் இத்திறையை ஒழுங்காகக் கொடுத்தாரல்லர் என்பதும், 1782இலே ஒல்லாந்தர் வன்னியை நேராட்சிக்குக் கொண்டுவந்தனர் என்பதும், 1803இலே பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்து, பின்னர்க் கற்சிலைமடுவிலே தோல்வியுற்றான் என்பதும் இப்பகுதி மாணவர் நன்கறிந்தவை.

இரண்டாவது வகை குடிமை. வண்ணார், அம்பட்டர் முதலாயினோர் குறிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் குறிக்கப்பட்ட தொழிலையும், பிறப்பு, பூப்பு, மணம், மரணம் ஆகிய சடங்குகளிலே குறிக்கப்பட்ட பணியையும் செய்து, அறுவடைக் காலத்திலே நெற்பங்கு பெற்றனர். ஊழியம் அரசுக்குரியது, குடிமை வீட்டுக்குரியது. ஊழியத்துக்குப் பன்னிரண்டு நாள் என்றொரு கணக்கு உண்டு. குடிமைக்கு நாட்கணக்கு இல்லை. ஆயினும் குடிமகன் விற்கப்படுபவனல்லன்.

மூன்றாவது வகையே அடிமை. அடிமை குடிமை என்று இரண்டையும் ஒரு தொடராகவே சொல்லி வந்தனர் நம் முன்னோர். அத்தொடர் எவர் வாயிலே பெருமையாக ஒலித்தது என்பதை நினைத்துப் பார்த்தல் தகும்.

அடிமை தமிழர்க்குப் புதிதாக ஐரோப்பியர் கொணர்ந்ததன்று. தொல்காப்பியம் அடியோர், வினைவலர் என்னும் இரு பெயரைக் குறிக்கின்றது. அவ்விடத்திலேயே, அன்பின் ஐந்திணைக்கு அவர் தலைமக்களாகார், கைக்கிளை பெருந்திணைகளிலேயே அவர்க்கு இடமுண்டு என்றும் விதிக்கின்றது. ஏவலுக்குட்பட்டவர்க்குக் காதலிலும் புறத்திடமே கிடைத்தது. பெரியபுராணத்திலே சுந்தரமூர்த்தி நாயனாரைத் தடுத்தாட்கொண்ட கதையைச் சைவ மாணவர் அனைவரும் அறிவர். அதனைப் பக்திக் கதையாக மட்டும் படிப்பது வழக்கம். ஒரு வழக்கின் கதையாகவும் படிக்கலாம். வழக்காளியாகிய முதியவர் ஆளோலை காட்டுகின்றார். பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலையினாலே பேரனும் அடிமை என்பது வாதம். மணமகன் படியோலையைக் கிழிக்கின்றார். வெண்ணெய்நல்லூர் அவையிலே மூலவோலை காட்டப்படுகின்றது. பாட்டனாரின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒப்பு நோக்கப்படுகின்றது. தீர்ப்பு ஓலைக்கே சார்பாகின்றது. அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் வழக்கிலில்லை என்னும் மறுப்பும் எழுகின்றது. அடிமைத்தனமே தவறு என்னும் மறுப்பு எவர் வாயினின்றும் எழவில்லை. சேக்கிழார் காலத்துச் சோழநாட்டிலே ஆளோலை என்பது அவையறிந்த ஆவணம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. 1201ஆம் ஆண்டளவிலே, பஞ்சத்தினால் நலிந்த வேளாளர் ஒருவர் தம் புதல்வியர் இருவரோடு 110 காசுக்குத் தம்மைத் திருப்பாம்புரக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கல்வெட்டொன்று கூறுகின்றது.

இவ்விடத்திலே மொழி பற்றிய ஒரு செய்தியைச் சொல்லாது கடக்க மனம் வரவில்லை. எகிப்திய மொழியிலே பணியாளனை அல்லது அடிமையைக் குறிக்கும் சொல் ஹெம் என்பது. கோயிற் பூசகனுக்கு அவர்கள் வழங்கிய பெயரோ ஹெம்-நெச்செர். தெய்வத்தின் அடிமை என்பது பொருள். நம் மொழியிலும் அடியான் என்றால் இழிவு, அடியார் என்றால் உயர்வு. எசமான் மனிதனாயின் சொல் தாழ்கின்றது, தெய்வமாயின் உயர்கின்றது. ஊழியம் என்னுஞ் சொல்லின் கதையோ இன்னும் விந்தையானது. முன்னே அதற்கு உட்படாதிருத்தலே பெருமை; இன்றோ அரசாங்க ஊழியன் என்றால் மணச்சந்தையிலே விலை ஏறுகின்றது.

யாழ்ப்பாணத்து அடிமை நிலை எழுத்திலே உறைந்தது தேசவழமையினாலாகும். ஒல்லாந்தத் தேசாதிபதி கொர்னேலிஸ் ஜொவான் சைமன்ஸ் என்பவர், நாட்டு வழக்கங்களைத் தொகுக்குமாறு கட்டளையிட்டார். முப்பத்தேழு ஆண்டு யாழ்ப்பாணத்திலே வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி அப்பணியை 1707 ஜனவரியிலே முடித்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலியார்களிடம் சரிபார்க்கக் கொடுக்கப்பட்டது, அவர்கள் உடன்பட்டனர், அவ்வாண்டிலேயே சட்டமாக வெளியிடப்பட்டது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தினால் அதற்கு முழு வலு அளித்தனர்.

நாட்டு வழக்கத்தை நாட்டாரிடமே கேட்டறிந்து தொகுத்த இச்செயலை நம்மவர் பலர் பாராட்டுவர். பாராட்டத்தக்கதுதான். முதுசொம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி ஆகியவை பற்றிய பகுதிகளிலே அந்நியன் ஒருவன் இத்துணைத் துல்லியமாக எழுதினான் என்பது வியப்பே. ஆயினும் அடிமைகளைப் பற்றிய பகுதிக்கு வரும்போது கேட்கப்பட்டவர் யார் என்னும் வினா எழுகின்றது. அப்பகுதி நால்வகையாரை அடிமைகளாகக் குறிக்கின்றது: கோவியர், சாண்டார், பள்ளர், நளவர். இப்பெயர்களை வரலாற்று ஆவணத்தில் உள்ளவாறே ஈண்டு எழுத நேர்ந்தது. அப்பெயருக்குரிய மக்களிடத்திலே இழிவொன்றும் இல்லை, எழுதியவரிடத்திலேயே குறையுண்டு. சரிபார்த்த பன்னிருவருள் இந்நால்வகையாருள் ஒருவரேனும் இருந்திருத்தல் இயலாது. சீதனத்தைப் பற்றிச் சீதனம் கொடுப்போரும் வாங்குவோரும் பேசினர். அடிமையைப் பற்றி உடையார் மட்டுமே பேசினர். உடையான் ஒருவன் தன் உடைமையைப் பற்றிச் சொன்னது வழக்கமாயிற்று, வழக்கம் எழுத்தாயிற்று, எழுத்து நீதிமன்றத்திலே சட்டமாயிற்று.

எழுதப்படாத வழக்கத்துக்கு ஒரு நெகிழ்ச்சி உண்டு. கொடிய எசமானுக்கும் இரக்கமுள்ள எசமானுக்கும் இடையே அது வேறுபடும். பஞ்சத்திலே இறுகும், விளைச்சலிலே தளரும். ஒரு தலைமுறை மறந்தால் மறந்ததே. தோம்பிலும் சட்டத்திலும் ஏறியபின் அதற்கு மறதி இல்லை. யாழ்ப்பாணத்து அடிமை முறையின் வரலாற்றிலே 1707ஐ யான் பெரிதாகக் கருதுவது இதனாலேயே.

அச்சட்டத்தின் அச்சாணி ஒரு விதி: பிள்ளை தாயின் நிலையை அடையும். ஒருவருடைய அடிமையாகிய ஆண், வேறொருவருடைய அடிமையாகிய பெண்ணை மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் பெண்ணின் எசமானுக்கே உரியர். ஆணின் எசமானுக்கு அவர்மேல் உரிமை இல்லை. பார்க்கும்போது இது தாய்க்கு அளித்த மதிப்புப் போலத் தோன்றும். உண்மையிலே, ஆவுக்கும் கன்றுக்கும் உள்ள உடைமை விதியை மனிதர்க்கு இட்டதே இது. ஒரு வீட்டிலே அடிமைப் பெண்கள் இருப்பின், விலையின்றியே அவ்வீட்டின் செல்வம் தலைமுறைதோறும் பெருகும். இவ்விதியைப் பின்னரும் நினைவிற் கொள்ளல் வேண்டும்; இதனைக் கொண்டே இம்முறையை அழிக்கவும் முயன்றனர்.

பிறப்பினால் வந்தவர் ஒருபுறமிருக்க, கடல் கடந்து வந்தவரும் இருந்தனர். 1697இலே யாழ்ப்பாணத்துத் தளபதி சுவாடிக்குறூன் தமக்குப் பின் வருவோர்க்கு எழுதி வைத்த குறிப்பிலே, 1694 டிசம்பர் முதல் ஈராண்டுக் காலத்தில் எதிர்க்கரையிலிருந்து 3,589 அடிமைகள் கொணரப்பட்டனர் என்னும் கணக்கு உள்ளது. இறக்கிய ஒவ்வொருவருக்கும் கும்பினி வரி பெற்றது. ஆதலின் இது தேறிய கணக்கு. சோழமண்டலக் கரையிலே அக்காலத்திற் பஞ்சம். பசியினால் தம்மையும் தம் மக்களையும் விற்ற தமிழர், தமிழராலேயே வாங்கப்பட்டு, புகையிலைத் தோட்டங்களிலும் வயல்களிலும் இறைக்கவும் கொத்தவும் விடப்பட்டனர். திருப்பாம்புரத்து வேளாளரின் 110 காசுக் கதை ஐந்நூறு ஆண்டுக்குப் பின் ஆயிரக்கணக்கிலே நிகழ்ந்தது. அந்த 3,589 பேரில் ஒருவர் பெயரும் நம் நினைவில் இல்லை. நைற்கரையிலே ஒரு வீட்டின் 95 பணியாளர்க்குப் பெயர் எஞ்சியிருக்கின்றது.

எகிப்துக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இப்பொழுது புலப்படும். ஆங்கு ஊழியம் பெரிது, அடிமை சிறிது. கடமை ஊர்மேலும் குடும்பத்தின்மேலும் விழுந்தது. எழுதக் கற்ற உழவன் மகன் அரிதாகவேனும் அதனைக் கடக்கலாம். ஈங்கோ கடமை பிறப்பின்மேல் விழுந்தது. எழுதக் கற்பதே சிலர்க்கு மறுக்கப்பட்டது. மூன்றாம் இராமசேசு மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டிலே, அரச கல்லறைகளைக் குடைந்த தெய்ர் எல்-மெதீனாத் தொழிலாளர், தானியப்படி காலத்தில் வாராமையால் வேலையை விட்டிறங்கி, கோயில்களின் பின்னே சென்றமர்ந்து, பசிக்கின்றது என்று முறையிட்டனர். உலகிலே எழுத்திற் பதிந்த முதல் வேலைநிறுத்தம் இதுவெனக் கூறுவர். அது பதிந்ததற்குக் காரணம் அவர்களுக்குள்ளேயே அமன்னக்தன் என்னும் இலிகிதன் இருந்தமை. நம் ஊர்களில் இறைப்பை நிறுத்தியவர் எவரும் இருந்திலர் என்று எங்ஙனம் சொல்வது? எழுத அவர்களுள் ஓர் இலிகிதன் இருக்க விடப்படவில்லை என்று மட்டுமே சொல்லலாம்.

அடிமை முறை அழிந்த கதையும் அறியத்தக்கதே. பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் என்பவரின் தூண்டுதலினால், 1816 ஓகஸ்ட் 12 முதல் தம் அடிமைகட்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என உடையார் பலர் இணங்கினர். யாழ்ப்பாணத்திலே இணக்கம் எழுத்திலிருந்த அளவுக்குச் செயலில் இல்லை. ஆகவே 1818இலே, அடிமைகளைப் பதிவு செய்யவேண்டும், பதியப்படாதவர் விடுதலையானவர் என்னும் பிரமாணம் வந்தது. எழுத்தினால் இறுகிய முறையை எழுத்தினாலேயே அவிழ்க்க முயன்றனர். 1821ஆம் ஆண்டின் பிரமாணம் இன்னும் நுண்ணியது. பிறக்கும் பெண் குழந்தைகளை அரசாங்கமே எசமானுக்கு விலை கொடுத்து விடுவித்தது: கோவியர் குழந்தைக்கு மூன்று இறைசால், நளவர், பள்ளர் குழந்தைக்கு இரண்டு இறைசால். பெண் குழந்தையை மட்டும் வாங்கியது ஏன் என்பது முன்னர்க் கூறிய தாய்வழி விதியை அறிந்தவர்க்கு விளங்கும். பெண்கள் சுதந்திரராயின் அவர் வயிற்றிற் பிறப்போரும் சுதந்திரர்; ஒரு தலைமுறையிலே முறை தானே வற்றும். விடுதலையிலும் விலை சாதிக்கேற்ப வேறுபட்டமையைச் சிரிப்பதா, அழுவதா?

1833இலே பிரித்தானியப் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. பெரும்பாலான பாடநூல்கள் அத்துடன் நிறுத்திவிடுகின்றன. கிழக்கிந்தியக் கும்பினியின் நாடுகளுக்கும், சென் எலெனாத் தீவுக்கும், இலங்கைக்கும் அச்சட்டம் விலக்களித்தது என்பதை மாணவர் குறித்துக் கொள்வாராக. அரசகாரியம் என்னும் கட்டாய வேலை 1832இலே நீக்கப்பட்ட இந்நாட்டிலே, மனிதனை உடைமையாக வைத்திருக்கும் உரிமை மேலும் பன்னிரண்டு ஆண்டு நிலைத்தது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமே அதனை முற்றாக ஒழித்தது.

ஒழிந்தது உடைமை, ஒழியாது நின்றவை பல. விடுதலை பெற்றவர்க்கு நிலம் கொடுக்கப்படவில்லை. பிறர் வளவிலே குடில் கட்டி வாழ்ந்தவர், வளவுக்காரர் அழைத்தபோது போகாதிருத்தல் எங்ஙனம்? கிணற்றிலே வாளி போடலாகாது, வகுப்பறையிலே வாங்கில் இருக்கலாகாது, கோயிலினுட் புகலாகாது என்பன எச்சட்டத்திலும் எழுதப்படாதவை. ஆயினும் சட்டத்தினும் இறுக்கமாகக் காக்கப்பட்டன. வகுப்பறையிலே சமவாங்கு வேண்டுமென்னும் கட்டளை 1920களின் இறுதியிலே வந்தபோது அதனை எதிர்த்தவர்களுள் படித்தோரும் இருந்தனர். ஆதரித்தவர்களுள் 1924இலே தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் குறிப்பிடத்தக்கவர். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலே வந்தது. அதன் பின்னரும், 1968இலே மாவிட்டபுரத்துக் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, உள்ளே செல்ல விடுமாறு மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. திருநாளைப்போவார் குருபூசையைத் தவறாது செய்யும் சமூகத்திலேயே இது நிகழ்ந்தது. எரோதோத்தசு எகிப்தியக் கோயில் வாயிலிலே நின்ற பன்றி மேய்ப்போரைப் பற்றிக் கேட்டறிந்தது கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில்; மாவிட்டபுரம் நடந்தது நம்மிற் பலர் பெற்றோரின் வாலிபப் பருவத்தில்.

உழைப்புக் கடமையை அறுக்கவல்லது நிலம். வன்னியின் வரலாற்றிலே இதனைக் காணலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் வழியாக அரசு நிலம் குடியேற்றக்காரர்க்கு அனுமதிப்பத்திரத்திலே வழங்கப்பட்டது. இரணைமடு, முத்தையன்கட்டு முதலிய குளங்களின் கீழ் நிலம் பெற்றவருள், குடாநாட்டிலே ஒரு பரப்புக் காணியும் இல்லாதிருந்தவர் பலர். தன் வயலுக்குத் தானே நீர் பாய்ச்சுகின்றவனை வளவுக்காரர் அழைக்க முடியாது. அழைத்தால் கூலி பேசவேண்டும். சாதி இங்கே இல்லாதொழிந்தது என்று சொல்ல வரவில்லை. மணப்பேச்சிலே அது முதல் வினாவாகவே இருக்கின்றது. ஆயினும் கூலி பேசும் உரிமை சிறிதன்று.

தேசவழமை இன்றும் சட்டமாகவே இருக்கின்றது. அடிமை பற்றிய பகுதி 1844இலே செயலிழந்தது. சொத்துரிமை பற்றியவை பிற்காலத் திருத்தங்களுடன் வடமாகாணத் தமிழர்க்கு இப்போதும் பொருந்துகின்றன. கணவனின் உடன்பாடின்றி மனைவி காணி விற்கலாமா, பங்காளிக்கு முதலில் அறிவித்தல் வேண்டுமா என்னும் வழக்குகளிலே சட்டத்தரணிகள் அந்நூலையே எடுத்துக் காட்டுகின்றனர். அவர்கள் புரட்டும் அதே நூலின் வேறோரிடத்திலே அந்நால்வகையாரைப் பற்றிய பகுதியும், பிள்ளை தாயின் எசமானுக்குரியது என்னும் விதியும் அச்சிலே நிற்கின்றன. எகிப்தின் முக்கோணத்தை வரையும் மேல்வகுப்பு மாணவர், அதனருகே அப்பகுதியையும் ஒருமுறை வாசிக்கலாம். சிறிய பகுதிதான், ஒரு பாடவேளை போதும்.